கருவி தொடும் கைகள்

கோயம்புத்தூரில் நீரேற்றிகள் செய்யும் தொழிற்கூடங்களுக்குப் பள்ளி மாணவியரை அழைத்துச் செல்வது புதிதன்று. மாணவியர் வரிசையாக நுழைவர். உருகிய இரும்பு அச்சில் வார்க்கப்படுவதைத் தொலைவில் நின்று காண்பர். கடைசல் எந்திரத்தின் முன் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். இதனைச் சுற்றுலா எனலாம். தொழில்நுட்பக் கல்வி எனல் பொருந்தாது.

திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதை எழுதி மதிப்பெண் பெறாத அறிவியல் மாணவி அரிது. ஆயினும் அந்த எண்ணின் உண்மையான பொருள், நீரேற்றியின் சுழல்தண்டைப் பேரிங்கில் பொருத்தும்போதுதான் விளங்கும். தண்டு நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் மிகுந்தாலும் உரியவாறு அமராது. குறைந்தால் தளர்ந்து அதிரும். தான் அளந்த தண்டு தன் கையாலேயே பொருந்தியதைக் கண்ட மாணவிக்கு, மீச்சிற்றளவு அதன்பின் இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் இராது.

இவ்வாய்ப்பு மாணவர்க்கும் தேவைதான். எனினும் மாணவியர்க்கு அது கூடுதலாகத் தேவைப்படுவதன் காரணம் வீட்டில் தொடங்குகிறது. மிதிவண்டிச் சங்கிலி கழன்றால் அண்ணனை அழைக்கிறோம். மின்விசிறி நின்றால் திருப்புளியைத் தம்பியிடம் கொடுக்கிறோம். அக்காள் அருகில் நின்று விளக்குப் பிடிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் முதலிடம் பெற்றவளும் ஒரு மரையாணியைக்கூட முறுக்கிப் பாராமல் பொறியியல் கல்லூரிக்குச் செல்கிறாள். அங்கு அவளிடம் தென்படும் தயக்கம் திறன்குறைவு அன்று, பழக்கமின்மையே.

கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று 1943-இல் மின்பொறியியல் பட்டப்படிப்பை முடித்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், கைக்குழந்தையின் தாய். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதித் தரவேண்டியிருந்தது. அவரைப் பற்றிப் பேசுவோர் இச்செய்தியையே விரும்பிச் சொல்வர். அவர் ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றார் என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தும் பணியில் பங்கேற்ற அறிவுக்கு அப்பணிமனையும் ஓர் ஆசிரியர் அன்றோ?

மாணவியர் கையில் பொறுப்பை ஒப்படைத்த அண்மைக்கால முயற்சி ஒன்றும் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனத்தின் வழிகாட்டுதலில், நாடெங்குமுள்ள 750 மாணவியர் உருவாக்கிய 75 சிறு கருவிகளோடு ஆசாதிசாட் செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7 அன்று விண்ணில் ஏவப்பட்டது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவியரும் அதில் பங்கேற்றனர். ஏவூர்தியின் உணரிகளில் நேர்ந்த சிக்கலால் செயற்கைக்கோள் உரிய பாதையை அடையாமல் அழிந்தது. முயற்சி அத்துடன் நிற்கவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது.

செயற்கைக்கோள் செய்யும் வாய்ப்பு எல்லாப் பள்ளிக்கும் கிட்டாது. ஒசூரின் எந்திரத் தொழிற்கூடங்களும் சிவகாசியின் அச்சகங்களும் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளும் அவ்வவ்வூர்ப் பள்ளிகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. தொலைவில் தங்கிப் பயில மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும், மாலைப் பேருந்தில் வீடு திரும்பிவிடுவாள் என்றால் இசைவர். உள்ளூர்த் தொழிலின் பெருஞ்சிறப்பு இதுவே. நாள் முழுதும் பல எந்திரங்களைக் காட்டுவதைவிட, சில சனிக்கிழமைகளில் ஒரே ஓர் உறுப்பை வரைபடம் முதல் இறுதி அளவீடு வரை மாணவியே செய்து முடிக்கவிடுவது பயன்தரும்.

தொழில்முனைவோர் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. பின்னலை இறுக முடிந்து, துப்பட்டாவை நீக்கி மேலங்கி அணிந்து, மேற்பார்வையாளர் அருகிருக்கப் பணிசெய்ய வேண்டும். தளர்ந்த சட்டைக்கை கொண்ட மாணவனுக்கும் இதே விதிதான். பொருள் வீணாகும் என்னும் மற்றொரு தயக்கம் வார்ப்பாலைக்குப் பொருந்தாது. கைதேர்ந்த தொழிலாளியின் பழுதுபட்ட வார்ப்பும் அங்கு எறியப்படுவதில்லை. உடைத்து மீண்டும் உலையில் இடுகிறார்கள். மாணவி கெடுத்த வார்ப்பும் அவ்வுலைக்கே செல்லும்.