மலிவு யார் செலவில்?

மலிவு விலை மக்களுக்கு நன்மை என்பர் பெருவணிகர். யாருடைய பணத்தில் மலிவு என்பதே நாம் எழுப்பும் வினா.

அமெரிக்காவின் வோல்மார்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2004 ஆம் ஆண்டளவில், அந்நாட்டுப் பெரிய இசை நிறுவனங்களின் தட்டுக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதன் கடைகளில் விற்பனையாயிற்று. அதற்கோ இசை வெறுந் துரும்பு. சவர்க்காரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்க ஆளை உள்ளிழுக்கும் தூண்டில் இரை! ஆகவே, பத்து டொலருக்குக் குறைவாகத் தட்டை விற்கத்தக்க கொள்முதல் விலை தருமாறு இசை நிறுவனங்களை நெருக்கிற்று. இசையையே நம்பி வாழ்ந்த டவர் றெக்கோர்ட்ஸ் 2006 இல் தன் அமெரிக்கக் கடைகளை மூடிற்று. கடன் சுமையும் இணையமும் அதற்குக் காரணமாயின என்பதை மறுக்கோம். ஆயினும் நட்டத்துக்கு விற்கத் துணிந்தவனோடு எவன் போட்டியிடுவான்?

இனிக் கலைஞனின் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மலிவு வரிசையில் விற்கும் தட்டுக்கு அவனது உரிமைப்பங்கு வீதமே முக்காலாக, அன்றி அரையாகக் குறைவது அங்கே வழக்கம். விலையும் குறைவு, வீதமும் குறைவு! அதுவும் ஒலிப்பதிவுச் செலவு முழுவதும் கழிந்த பின்னரே கைக்கு வரும். விலையை இறக்கியவனோ அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டவனே அல்லன். தன் விளைச்சலுக்குப் பிறன் விலை குறிக்கக் கண்ட கமக்காரர் இதனை நன்கறிவர்.

கடைக்காரன் தள்ளுபடி செய்யட்டும். தன் இலாபத்திலிருந்து செய்யட்டும். எவ்விலைக்கு விற்பினும் கலைஞனின் வீதம் குறையாது என்ற வாசகம் ஒப்பந்தத்தில் ஏறவேண்டும் என்கிறோம்.