வண்டி கழுவினால் கௌரவம் போய்விடுமா?

 

சென்ற மாதம் ஒரு கடற்கரை ஊரில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஓர் இளவல் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வயது பதினேழு. பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறார். தந்தை மௌத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "ஹஜ்ரத், பிரஷர் வாஷர் மிஷின் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பைக், கார், மொட்டை மாடி, முற்றம் எல்லாம் கழுவிக் கொடுப்பேன். லீவு நாளில் இந்த வேலை, மற்ற நாளில் காலேஜ். வட்டியில்லாமல் பத்தாயிரம் ரூபாய் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

நாம் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஜமாஅத் பெரியவர் முந்திக்கொண்டார். "நம்ம புள்ள ஊரான் வண்டியைக் கழுவணுமாக்கும்? ஒரு வருஷம் பொறுத்துக்க தம்பி, துபைக்கு விசா பார்க்கலாம்" என்றார். இளவல் தலைகுனிந்து போய்விட்டார்.

சகோதரர்களே! துபையின் கார் நிறுத்தங்களில் வாளியும் துணியுமாய் நின்று வண்டி கழுவுகிறவர்கள் யார்? இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன பிள்ளைகள்தானே! ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, தாயின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து, கடல் கடந்து போய்க் கழுவினால் அது 'சபுராளி' என்ற கௌரவம். சொந்த ஊரில் சொந்த மிஷினை வைத்துக் கழுவினால் கேவலம். இந்தக் கணக்கை எந்தக் கிதாபில் படித்தோம்?

யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கோப்பையையும் நபி (ஸல்) அவர்கள் ஏலம் விட்டு இரண்டு திர்ஹமுக்கு விற்ற வரலாறு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு திர்ஹமுக்கு வீட்டுக்கு உணவு. மறு திர்ஹமுக்குக் கோடரி. அதற்குக் காம்பைத் தமது கையாலேயே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் கழித்து வரும்படியும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹமோடு திரும்பி வந்தார். நபியவர்கள் அந்தத் தோழருக்குப் புத்திமதி சொல்வதோடு நிறுத்தவில்லை. கருவியைக் கையில் கொடுத்தார்கள். நம்மிடம் புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை!

அந்த இளவல் கேட்ட கருவி என்ன? வீட்டு உபயோகத்துக்கான சிறிய பிரஷர் வாஷர் சுமார் ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மோட்டார் பம்பை ஓட்டும். பம்பு தண்ணீரை நூறு பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளி, நாசிலின் சிறு துளை வழியே பீய்ச்சும். தண்ணீர் வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. இந்த மிஷின் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் வரை குடிக்கும். அரை அங்குல ஓஸைத் திறந்துவிட்டுக் கழுவினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடிவிடும். ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூ செய்த நபியின் உம்மத்துக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் இளவல்களே, இது விளையாட்டுச் சாமான் அல்ல. அந்தத் தண்ணீர் வீச்சு தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிபோல்தான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று கரண்ட் மிஷினைத் தொடாதீர்கள். ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைத்த இணைப்பு இல்லாமல் வேலையில் இறங்கவே கூடாது. தண்ணீர் வராமல் பம்பை ஓட்டினால் சீல் போய்விடும். மொட்டை மாடியின் தட்டோட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் கூர்மையான நாசிலைக் காட்டினால் பாசியோடு பூச்சும் பெயர்ந்து வரும், அடுத்த மழைக்கு வீடு ஒழுகும். அகலமாக விரியும் நாசிலைப் போட்டுத் தள்ளி நின்று அடியுங்கள். மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவித் தரச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். காற்றில்லாத தொட்டிகள் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைத் தின்றிருக்கின்றன. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கென்று வாங்கிய மின் இணைப்பில் வாசலில் வாட்டர் வாஷ் கடை நடத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற பயன்பாடு. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பது மஹ்ஷரில் செல்லுபடியாகாது. கடை போட்டால் கடை இணைப்பு வாங்குங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் அவருடைய கரண்ட், அவருடைய தண்ணீர் என்று முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது வணிகப் பெருமக்களிடம் வருகிறோம்.

இந்தப் பத்தாயிரத்தைப் பிள்ளைக்கு யார் கொடுப்பது? வங்கியும் சுயஉதவிக் கடனும் வட்டியோடுதான் வரும். அதைவிட வேதனை, தொப்பி போட்ட நம்மவரே கொடுக்கும் 'லாபப் பங்கு'. பத்தாயிரம் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் ஐந்நூறு தந்துவிடு, முதலும் அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். இதற்கு லாபம் என்று பெயர் வைத்தால் ஹலாலாகிவிடுமா? மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி ஐயா அது! பங்குதான் வேண்டுமென்றால் முளாரபாவாகப் போடுங்கள். முதல் உங்களுடையது, உழைப்பு அவருடையது. கிடைக்கும் லாபத்தில் பாதிக்குப் பாதியோ, மூன்றில் ஒன்றோ முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கவனக்குறைவு இல்லாமல் நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சேரும். அந்தத் துணிவில்லாதவர் திருப்பித் தரும் தவணையோடு அழகிய கடனாகக் கொடுக்கட்டும்.

ஏழையாயிருந்தால் ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம். தொழில் தெரிந்த ஏழைக்கு, அவருடைய தொழில் கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் வழங்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ' நூலில் இதை விளக்கியிருக்கிறார்கள். நாமோ ரமளானில் வாசலில் கூட்டம் சேர்த்து ஆளுக்கு நூறு ரூபாயும் ஒரு கைலியும் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த ரமளானில் அதே கை அதே வாசலில் நீள்கிறது!

'சின்னப் பையனை நம்பிப் பணமா?' என்று கேட்பீர்கள். அநாதைகளின் சொத்தை ஒப்படைக்குமுன் அவர்களைச் சோதித்துப் பாருங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. சிறு கொடுக்கல் வாங்கலைச் செய்ய விட்டுப் பார்ப்பதே அந்தச் சோதனை என்று ஃபுகஹாக்கள் விளக்குகிறார்கள். பதினெட்டு நிறையாதவர் போடும் ஒப்பந்தம் நாட்டுச் சட்டப்படி செல்லாது என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பு, ஷோரூம் போன்ற இடங்களின் ஆண்டு ஒப்பந்தத்தைத் தாய்மாமனோ சிறிய தந்தையோ தம் பெயரில் போட்டுக் கொடுக்கட்டும். கணக்கு நோட்டை மட்டும் பிள்ளையே எழுதட்டும்.

இடஒதுக்கீடு கேட்டு வெயிலில் நின்றோம், கைதானோம். 2007ஆம் ஆண்டு தமிழகத்தில் 3.5 சதவீதம் கிடைத்தது. அதைக் கூட்டித் தரவும் கேட்போம், அல்லாஹ் நாடினால் வாங்குவோம். ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்குக் கோட்டைக்கு மனு எழுத வேண்டியதில்லையே! அது கடைத்தெருவிலேயே இருக்கிறதே!

பணம் கொடுக்க முடியாதவர் வேலையைக் கொடுங்கள். கடை ஷட்டரும் வாசல் படியும் எத்தனை ஆண்டாக எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கின்றன? சரக்கு வேனைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று? ஒளூ செய்யும் ஹவுளைச் சுற்றிப் பாசி படிந்து முதியவர்கள் வழுக்கி விழுகிறார்களே, அதற்குக் கூலி பேசி அழைக்கக் கூடாதா? அழைத்தால் 'பள்ளிவாசல் வேலைதானே, அல்லாஹ்வுக்காகச் செய்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது அவருடைய நன்மை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுப்பது உங்கள் கடமை.

அந்த ஊர் ஜமாஅத்துக்கு நாம் கடிதம் எழுதியிருக்கிறோம். பைத்துல்மாலில் முடங்கிக் கிடக்கும் தொகையிலிருந்து அந்த இளவலுக்குப் பத்து மாதத் தவணையில் கடன் கொடுக்கும்படியும், தவணைக்கு நமது அமைப்பின் கிளை ஜாமீன் நிற்குமென்றும் எழுதினோம். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. வந்ததும், என்ன பதிலாக இருந்தாலும், இதே பக்கத்தில் உங்களுக்கு அறிவிப்போம், இன்ஷா அல்லாஹ்.