மழையில், சரிவில், பிள்ளைத்தாய்ச்சி

2020 டிசம்பரில் பெங்களூரில் நடந்த டிசிஎஸ் வேர்ல்ட் 10கே ஓட்டத்தை ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் 62 நிமிடங்களில் முடித்தார். பல வருடங்களாக ஓடிப் பழகியவர்; மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இடையிடையே நடந்து ஓடியவர். இப்படியொரு செய்தியைப் படித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது தெரிந்ததுதான்: "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?"

தேவையா என்பதை அந்தப் பெண்ணும் அவருடைய மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கேட்க வேண்டியது, எங்கே, எந்த வானிலையில் என்பதுதான். பெங்களூரின் தார்ச்சாலை வேறு. மழையில் ஊறிய நீலகிரித் தேயிலைச் சரிவில் ஓடுவது வேறு.

சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். முன்பே ஓடிப் பழகியவர்கள் தொடரவும் தடையில்லை. விழ வாய்ப்புள்ள விளையாட்டும் பழகாத உயரமும் வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இந்த உயரத்துக்கு 6,000 அடி என்று கோடு போட்டிருக்கிறது. குன்னூர் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. ஊட்டி 7,300 அடிக்கு மேல். சென்னையில் இரவு பஸ் ஏறி வந்து மறுநாள் ஓடுகிறவருக்கும், கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவருக்கும் ஒரே கணக்கு சரிப்படாது.

எஸ்டேட் பாதைகளில் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். நனைந்த செம்மண் ஷூவின் அடியை அப்பிக்கொண்டால் பிடிமானம் போய்விடும். கவாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே விழுந்தால் கூரான குச்சிகள் காத்திருக்கின்றன. கர்ப்பத்தில் மூட்டுகள் தளர்கின்றன, உடல் பாரம் முன்னே நகர்கிறது. மாதம் ஏற ஏற, கால் வைக்கும் இடத்தையே வயிறு மறைத்துவிடும்.

மலையின் வானமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே மாதம் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் சேர, 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் அல்ல, தேர்ந்த ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் பந்தயத்தை நிறுத்துவதுதான் நடத்துகிறவரின் வேலை.

ஆனாலும் பெண்கள் ஏன் ஓடுகிறார்கள்? பிடிவாதம் என்று தள்ளிவிடுவது சுலபம். பிரிட்டனைச் சேர்ந்த சோஃபி பவர், 2018-ல் ஆல்ப்ஸ் மலையின் யூடிஎம்பி ஓட்டத்தில் கலந்துகொண்டபோது அவர் குழந்தைக்கு மூன்று மாதம். வழியில் உட்கார்ந்து பால் கொடுத்த படம் உலகம் சுற்றியது. எல்லோரும் அவர் உறுதியைப் புகழ்ந்தார்கள். அவர் சொன்ன காரணம் வேறு. காயம்பட்டவர் தன் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க விதி அனுமதித்தது, கர்ப்பிணிக்கு அனுமதி இல்லை. முதல் பிள்ளையின்போது ஓர் இடத்தை இழந்தவர், இதையும் விட மனமில்லாமல் ஓடினார். பிறகு யூடிஎம்பி விதியை மாற்றியது. லண்டன், பாஸ்டன் மாரத்தான்களிலும் இன்று கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம்.

இங்கேதான் நீலகிரியில் வேலை செய்கிற இன்னொரு பெண் நினைவுக்கு வர வேண்டும். அதே சரிவில், அதே மழையில், இடுப்பில் சாக்கைக் கட்டி, தலையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர். மழை பெய்தால்தான் கொழுந்து துளிர்க்கும். துளிர்த்தால் பறித்தாக வேண்டும். குறித்த கிலோவுக்கு மேல் பறித்தால் கூடுதல் காசு. நனைந்த இலையை எடை போடும் இடம்வரை சுமப்பதும் அவர்தான். அவரைப் பார்த்து "இதெல்லாம் தேவையா" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இன்றைக்கு வராவிட்டால் இன்றைய கூலி இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் எடுக்கலாம். கடைசி மாதங்களில் கடினமான வேலை தரக் கூடாது என்று 1961 மகப்பேறு சட்டமே சொன்னது. ஆனால் அந்தப் பெண் கேட்டால் மட்டும்! மேஸ்திரியிடம் போய் "எனக்கு மேட்டு வேலை வேண்டாம்" என்று சொல்கிற துணிவு எத்தனை தற்காலிகத் தொழிலாளிக்கு இருக்கும்? தோட்டத் தொழிலாளர் சட்டமோ 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் பொருந்தும் என்று எழுதப்பட்டது. நீலகிரித் தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் துண்டு நிலத்தில் விளைகிறது. அங்கே கூலிக்குப் போகிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஏற்பாடு செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக விளையாடினார். மருத்துவ உதவி பக்கத்திலேயே தயாராக இருந்தது. இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது. குளிரூட்டிய அரங்கும் மலைச் சரிவும் ஒன்றல்லதான். கர்ப்பிணியை மனதில் வைத்துத் திட்டமிடுவது இரண்டு இடத்துக்கும் பொது.

மலையில் ஓட்டம் நடத்துகிறவர்கள் அடுத்த நுழைவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்க்கட்டும்: கர்ப்பிணி தன் இடத்தை, கட்டணம் இழக்காமல், இரண்டு ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். அரசு, "கேட்டால்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கர்ப்பம் பதிவான நாளிலிருந்து மழைநாளில் சரிவு வேலை இல்லை, கூலி உண்டு என்று விதி செய்யட்டும். துண்டு நிலத்தில் பறிக்கிறவருக்கும் அது பொருந்த வேண்டும்.