நிலவை அளவுகோலாக்கும் அன்பு

பெற்றோர் பாசத்தைக் கனியக் கனியப் பேசும் ஆங்கிலப் படநூல்களுக்குப் பெங்களூருப் புத்தகக் கடைகளில் குறைவில்லை. இவ்வகைக்கு முன்மாதிரி எனத் தக்கது, சாம் மெக்பிராட்னி எழுதி அனிதா ஜெராம் வரைந்து 1994இல் வெளியான ‘கெஸ் ஹவ் மச் ஐ லவ் யூ’. குட்டி முயல் தன் அன்பை அளந்து காட்டுகிறது. பெரிய முயல் ஒவ்வொரு முறையும் அதை விஞ்சுகிறது. நிலவு வரை என்று சொல்லிக் குட்டி உறங்கிவிட, நிலவுக்குப் போய்த் திரும்பும் தொலைவு என்று பெரியது முடித்துவைக்கிறது. வாசிக்கும் பெற்றோரின் கண் கலங்குகிறது. குழந்தையோ உறக்கத்திலும் தோற்கிறது.

தமிழ் மரபில் நிலவுக்கு வேறு வேலை. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் அது குழந்தையின் விளையாட்டுத் துணையாக அழைக்கப்படுகிறது. சாமம், தானம், பேதம், தண்டம் என நால்வகை உபாயங்களும் அதன்மீது ஏவப்படுகின்றன. வர மறுத்தால் மிரட்டலும் உண்டு. (தெய்வங்களையும் அரசர்களையும் பாடிய இலக்கியம் அது, அதன் மிகை தனிக் கதை.) பேசுவது தாயின் குரலே, ஆனால் தன் அன்பின் அளவை அவள் சொல்வதில்லை. பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடலிலும் குழந்தை நெய்ச்சோற்றைத் தொட்டு, துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. வள்ளுவரின் குழந்தை கூழை அளைகிறது. அன்பு அந்தக் குழப்படியில் இருக்கிறது, அறிவிப்பில் இல்லை.

பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எவரும் தமிழாக்கலாம் என்பது பெரும் பேறு. எனினும் பாசக்கதை தமிழுக்கு வரும்போது, ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்னும் தொடர் தாயின் வாயில் நுழைந்துவிடும் அபாயம் உண்டு. எந்தத் தமிழ் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? மகளை ‘அம்மா’ என்றும் மகனை ‘அப்பா’ என்றும் அழைத்துச் சோறூட்டும் மொழி இது. பிள்ளையே பெற்றவராகிவிடும் அந்த விளி ஆங்கில மூலத்தில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் துணிந்தாலன்றித் தமிழிலும் வராது.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலருக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் வீட்டுப் பேச்சு மட்டுமே. அத்தகைய குழந்தை முதன்முதலில் அச்சில் காணும் தமிழ், அதன் தாய் ஒருபோதும் பேசாத தமிழாக இருந்தால், அந்நூலை அது எதற்காக மீண்டும் திறக்க வேண்டும்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. சந்தியா ராவ் எழுத, நீனா சப்னானி படம் அமைக்க, சென்னையின் தூலிகா 2006இல் வெளியிட்ட ‘மை மதர்ஸ் சாரி’யில் தாயின் சேலை குழந்தையின் விளையாட்டுப் பொருளாகிறது. செயல் முழுதும் குழந்தையுடையது. மொழிபெயர்ப்பாளருக்கும் இடம் இருக்கிறது: ‘நேசிக்கிறேன்’ வரும் பக்கத்தில் ‘சாப்பிட்டாயா, அம்மா?’ என்று எழுத ஸ்டோரிவீவரின் உரிமம் தடை சொல்வதில்லை.