முழங்கால் உள்ளபோதே இமயம்

சிங்கப்பெருமாள் கோவில்வாசிகளுக்கு மலை என்பது அதிசயமான வஸ்து அல்ல. பாடலாத்ரி நரசிம்மப் பெருமாள், பல்லவர் காலத்துக் குடைவரையில், குன்றோடு குன்றாக எழுந்தருளியிருக்கிறார். அவரைப் பிரதட்சிணம் செய்ய வேண்டுமானால் குன்றையே சுற்றி வந்தாக வேண்டும். நாமும் சிறு பிராயம் முதல் சுற்றி வருகிறோம். அதை முடித்துக்கொண்டு, வீட்டில் ஒரு வாய் காபியும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அங்கே சுவரில் தொங்கும் பூகோளப் படத்தின்மேல் பிரம்பை நீட்டி, "பிள்ளைகளே, இதுதான் இமயமலை!" என்போம். இருபது வருஷமாக இப்படியே காலட்சேபம் நடந்து வந்தது.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "ஸார், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டான். பரம சாதுவான பையன்; குறும்புக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டான். "இல்லை, அப்பா!" என்றோம். "ஓ!" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அந்த "ஓ!" சாயங்காலம் வரையில் நம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நம் தாயாரிடம் இதைச் சொன்னோம். தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. பாட்டனார் காலத்துச் சாளக்கிராமம் ஒன்று பூஜைப் பெட்டியில் இருக்கிறது. அது கிடைக்கும் கண்டகி நதிக்கரைக்குப் போய் முக்திநாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது நம் தந்தையாரின் ஆயுட்கால ஆசை. "உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறட்டும், உடனே புறப்பாடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வும் வந்தது. ஆனால் அவருக்கு முன்பே அவருடைய முழங்கால்கள் ஓய்வு பெற்றுவிட்டன. அவர் போகவில்லை, பரமபதம்தான் போனார்.

தாயார் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "காலம் வரட்டும், காலம் வரட்டும் என்று உன் அப்பா சொன்னார். காலம் வந்தது, கால்தான் வரவில்லை. உனக்காவது கால் இருக்கிறதே, அதை அலமாரியில் வைத்துப் பூட்டி என்ன செய்யப் போகிறாய்?" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எந்தச் சர்வகலாசாலைப் பட்டமும் உதவாது. சென்ற கோடை விடுமுறையில், நாமும் நம் இல்லாளும் நேபாள தேசம் போய் வந்தோம். நேயர்களும் போய் வர வேண்டும், அதுவும் முழங்கால் உள்ளபோதே போய் வர வேண்டும் என்று வற்புறுத்தவே இந்த வாரம் எழுதுகிறோம்.

"நேபாளம் அந்நிய தேசம் அல்லவா? எங்கேயோ வடகோடியில் அல்லவா இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். திருமங்கையாழ்வாருக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரிலிருந்து ஒரு பொழுதில் போய் வரக்கூடிய மாமல்லபுரத்தில், தரையில் பள்ளிகொண்ட தலசயனப் பெருமாளைப் பாடிய அதே ஆழ்வார், சாளக்கிராமத்தையும் ஒரு பதிகத்தால் பாடியிருக்கிறார். அந்தச் சாளக்கிராமம் முக்திநாதமே என்று வைணவப் பெரியோர் பலர் கொள்கின்றனர். ரயிலும் மோட்டாரும் இல்லாத காலத்திலேயே தமிழனுடைய மனம் அவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறது. ரயில் ஏறி இரண்டு நாளில் கோரக்பூரில் இறங்கக்கூடிய நமக்குத்தான் அது தூரமாகிவிட்டது!

இன்னொரு சங்கதியும் உண்டு. இமயத்தை அளந்த கயிற்றின் முதல் நுனி நம் தாம்பரத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1802-ம் வருஷம் ஏப்ரல் மாதம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று வரையில் ஏறக்குறைய ஏழரை மைல் தூரத்தை, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அங்குலம் பிசகாமல் அளந்தார். அந்த அடிக்கோட்டின்மேல் ஒரு முக்கோணம், அதன்மேல் இன்னொரு முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போன அளவை வேலை, அரை நூற்றாண்டில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. நேபாள அரசாங்கம் அளவைக்காரர்களை உள்ளே விடவில்லை. எனவே தொலைவில் தராய்ச் சமவெளியில் நின்றே சிகரங்களைக் குறிபார்த்தார்கள். அந்தக் கணக்குகளைப் போட்டு, 'பதினைந்தாம் சிகரம்' என்று குறிக்கப்பட்டிருந்ததுதான் உலகிலேயே உயர்ந்தது என்று 1852-ல் கண்டவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. 1856-ல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து, இக்காலத்துக் கருவிகளைக் கொண்டு கண்ட உயரம் 8,848.86 மீட்டர்; அதாவது 29,031 அடிக்குச் சற்று மேல். வித்தியாசம் முப்பது அடிதான்! கணக்குப் போட்டவர் சிக்தார். சிகரத்துக்கு வைத்த பெயரோ எவரெஸ்டு துரையுடையது. நேபாளத்தார் அதைச் சகர்மாதா என்கிறார்கள். திபெத்தியர் சோமோலுங்மா என்கிறார்கள். நம் வகுப்பில் இனிமேல் மூன்று பெயரையும் சொல்வோம். சிக்தாரின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.

இனி யாத்திரைக்கு வருவோம். கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லையை அடைந்தோம். சித்திரை வெயிலில் அந்த ஊர்களைக் கடப்பது ஒரு தவம் என்றே சொல்ல வேண்டும். எல்லையைத் தாண்டியதும் புத்தர் பெருமான் அவதரித்த லும்பினி சமீபத்தில் இருக்கிறது. அசோக சக்கரவர்த்தி தாமே வந்து வணங்கியதையும், அவ்வூருக்கு வரிச்சலுகை கொடுத்ததையும் சொல்லும் கல்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு பொக்காரா என்னும் ஏரிக்கரை நகரம். அங்கிருந்து காளி கண்டகி நதியை ஒட்டி மேலே ஏற வேண்டும். ஒரு புறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. மறு புறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி. நடுவே நதி, இந்த இரண்டு ராட்சதர்களும் தோன்றுவதற்கு முன்பே தான் வந்துவிட்டதுபோல் அறுத்துக்கொண்டு ஓடுகிறது.

ஜோம்சோம் என்னும் ஊரில் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு சிகரம் நின்றது. பெயர் என்னவென்று கேட்டோம். "நீலகிரி" என்றார்கள். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் நீலகிரியில் உயர்ந்த தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஜோம்சோமில் நாம் நின்ற முற்றமே அதைவிட உயரம். அந்த நீலகிரியோ 7,061 மீட்டர்!

இங்கேதான் நேயர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் வருகிறது. முக்திநாதம் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இப்பொழுது ஜீப் வண்டி ராணிபௌவா வரையில் போகிறது. அங்கிருந்து கோவிலுக்கு அரை மணி நேர நடைதான். ஆகவே ஆயிரம் மீட்டருக்கும் தாழ்ந்த பொக்காராவில் காலையில் புறப்பட்டு, அன்று இரவே அங்கே படுத்துவிடலாம் என்று யாத்திரை நடத்துகிறவர்கள் சிலர் ஆசை காட்டுகிறார்கள். அப்படி ஒரு கோஷ்டியில் வந்த தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவரைக் கண்டோம். ஓய்வு பெற்றவர், பத்து வருஷம் பணம் சேர்த்து வந்தவர். இரவு எட்டு மணிக்குத் தலைவலி. பத்து மணிக்கு வாந்தி. நள்ளிரவில் மூச்சு முட்டல். நல்லவேளையாக விஷயம் தெரிந்த விடுதிக்காரர் ஒருவர், "விடியும் வரை காத்திருக்காதீர்கள், இறக்குங்கள்!" என்று வண்டி பிடித்துக் கீழே அனுப்பினார். மறுநாள் ஜோம்சோமில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். உயிர் பிழைத்தார். ஆனால் மீண்டும் மேலே ஏற அவருக்கும் துணிவில்லை. அழைத்துப் போகக் கோஷ்டிக்கும் அவகாசமில்லை. சந்நிதிக்கு அரை மணி தூரம் வரையில் வந்து, தரிசனம் இல்லாமலே திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தபோது நமக்கு நம் தந்தையாரின் ஞாபகம் வந்தது.

இது அவருடைய பலவீனம் அல்ல, உயரத்தின் இயல்பு. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். இளைஞர், பலசாலி என்று அது பேதம் பார்ப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமலிருப்பது வைத்தியர்கள் சொல்லும் விதி. தலைவலியும் குமட்டலும் கண்டால் அதற்குமேல் ஏறக்கூடாது. வலுத்தால் உடனே இறங்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து. நாம் ஜோம்சோமில் இரண்டு இரவும், காக்பேனியில் ஓர் இரவும் தங்கினோம். மறுநாள் காலையில் வண்டியில் ஏறிப் போய்ச் சேவித்துவிட்டு, மாலைக்குள் நடந்தே காக்பேனிக்கு இறங்கிவிட்டோம். செலவு இரண்டு நாள் அதிகம், அவ்வளவுதான். இருதயம், சுவாசகோசம் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புறப்படலாகாது.

முக்திநாதத்தில் கண்டதை என்னவென்று சொல்வோம்! கோவிலுக்குப் பின்புறம் வளைவாக 108 தாரைகள். அத்தனையும் பனி உருகிய நீர். முதல் தாரையில் தலையை நீட்டியதும் நாம் கற்ற பூகோளம் முழுவதும் மறந்துபோயிற்று. சற்றுத் தள்ளி ஜ்வாலாமாயி சந்நிதியில், நிலத்திலிருந்து கசியும் வாயு நீல ஜோதியாக எரிகிறது. அதன் அருகிலேயே தண்ணீர் ஓடும் ஓசை கேட்கிறது. நாம் பெருமாள் என்று சேவிக்கும் மூர்த்தியைப் பௌத்தர்கள் அவலோகிதேசுவரர் என்று வணங்குகிறார்கள். பௌத்தப் பிக்ஷுணிகள் கோவில் கைங்கரியம் செய்கிறார்கள். யாருக்கும் வழக்கில்லை, சண்டையில்லை. கோவில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று நியாயஸ்தலத்தில் ஏறி இறங்கிய பரம்பரையில் வந்த நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

அந்த நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். கணவாய் மீனுக்கு உறவான கடல் பிராணி ஒன்றின் சுருள் ஓடு கல்லாய்ச் சமைந்ததே அது. இமயம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. நம் பூமி வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோத, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கடலடி மடிந்து எழத் தொடங்கியது. நம் பல்லாவரத்துக் குன்றின் பாறைக்கோ வயது சுமார் 250 கோடி ஆண்டு. வயதில் இமயம் நம் குன்றுகளுக்குக் கொள்ளுப் பேரன்தான்! இதைத் தெரிந்துகொண்டதால் நம் பூஜைப் பெட்டியிலுள்ள மூர்த்தியிடம் நமக்குப் பக்தி குறையவில்லை. பிரமிப்பு ஒன்று கூடியிருக்கிறது.

திரும்பும் வழியில் காத்மாண்டு. பசுபதிநாதர் சந்நிதியில் பூஜை செய்யும் பட்டர்கள் தென்னாட்டவர். கன்னட தேசத்திலிருந்து வருகிறவர்கள். புத்தநீலகண்டத்தில் ஒரே கல்லில் வடித்த திருமால், தண்ணீரில் மிதப்பதுபோல் பள்ளிகொண்டிருக்கிறார். நம் தலசயனப் பெருமாளுக்கு ஜலசயனத்தில் ஒரு தமையனார்! அனுமான் தோகா அரண்மனை வாசலில் பிரதாப மல்ல ராஜா 1673-ல் ஸ்தாபித்த நரசிம்மர் நிற்கிறார். "நம் ஊர்க்காரர்!" என்று இல்லாள் கைகூப்பினாள். 2015-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதிப் பூகம்பத்தில் அந்த நாட்டில் சுமார் ஒன்பதாயிரம் பேர் மாண்டார்கள். எத்தனையோ கோவில்கள் சரிந்தன. அவற்றுள் பலவற்றைப் பழைய முறையிலேயே மரம் செதுக்கி, செங்கல் அடுக்கித் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். அந்தத் தச்சர்களின் கையைப் பார்க்கவே ஒரு முறை போகலாம்.

சில சௌகரியங்களையும் சொல்லுவோம். இந்தியருக்கு அங்கே விஸா வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்திருந்தால் போதும். நம் நூறு ரூபாய் அங்கே நூற்றறுபது. சாப்பாடு, பருப்பும் சோறும் கீரையும் ஊறுகாயும். தமிழ் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. நடந்தே மலை பார்க்க விரும்பும் இளைஞர்கள், முதல் முறைக்கு 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் குன்றுக்குப் போகலாம். குருங் மக்களின் கிராமங்கள் வழியாக நாலைந்து நாள் நடை. சுமை தூக்கி வரும் கூலியாளுக்கு அளவான சுமையும் நல்ல போர்வையும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம். திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறு படிகளுக்கு மேல் இருக்கின்றன. இரண்டு மாதம் வாரந்தோறும் ஏறி இறங்கினால் போதும்.

ஊர் திரும்பியதும் முக்திநாதத் தீர்த்தத்தைத் தாயாரிடம் கொடுத்தோம். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாதியைத் தந்தையாரின் படத்துக்கு எதிரே வைத்தார். பிறகு, "வழியை நன்றாய்ச் சொல்லு, ஒன்றையும் விடாதே" என்று உட்கார்ந்துகொண்டார். இரவு பதினொரு மணி வரையில் சொன்னோம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பையனைத் தேடிப் போனோம். எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டான். "பார்த்துவிட்டேன், அப்பா!" என்றோம். அவன் சற்றும் தாமதிக்காமல், "எங்களை எப்போது ஸார் அழைத்துப் போவீர்கள்?" என்றான்.

நியாயமான கேள்வி. தலைமையாசிரியருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கும் பெற்றோர்கள் அதுவரை காத்திராமல், அடுத்த கோடைக்குத் தங்கள் குழந்தைகளைத் தாங்களே அழைத்துப் போனால் நமக்குப் பரம சந்தோஷம்.