இஸ்லாம் இருக்கிறது, ஈமான் இருக்கிறது, இஹ்ஸான் எங்கே?



"சேர், தொழக்குள்ள அல்லாஹ் பாக்கிறான்டு மனசுல எப்படி வரும்?" வகுப்பில் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. வுழூவின் பர்ழுகள் எத்தனை என்பதற்கு நோட்டில் விடை இருக்கிறது. தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்பதற்கு நாவுலயிலிருந்து காத்தான்குடி வரை ஊருக்கொரு விடை இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.

ஜிப்ரீல் (அலை) நபியவர்களிடம் வந்து இஸ்லாம், ஈமான் என்று கேட்டுவிட்டு நிற்கவில்லை, இஹ்ஸானையும் கேட்டார்கள். அல்லாஹ்வைக் காண்பதுபோல் வணங்குவதுதான் அது. இன்று ஒரு சாராருக்கு அந்த ஏக்கமே பித்அத். மறு சாராருக்கு அது தரீக்காவின் குடும்பச் சொத்து.

பலனைப் பாருங்கள். 2006 டிசம்பரில் காத்தான்குடியில் ஞானவழிப் பெரியவர் ஒருவர் மௌத்தானார். அடக்கிய ஜனாஸாவையே தோண்டி எடுத்தார்கள். 2009 ஜூலையில் பேருவளை மஹகொடயில் மறுபக்கக் கூட்டம் பள்ளிவாசலைத் தாக்கியது, இரண்டு உயிர் போனது. 2012 ஏப்ரல் 20, ஜும்ஆ நாளில், நமக்குப் பக்கத்துத் தம்புள்ளையில் பள்ளிக்குள் கூட்டம் புகுந்தபோது நாம் கொதித்தோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் இரண்டையும் செய்தது யார்? கலிமா சொன்ன வாய்கள்தானே!

இமாம் கஸ்ஸாலி 1095இல் பக்தாத் நிழாமிய்யாவின் பெரும் பதவியை விட்டு வெளியேறினார்கள். அறிவு நிறைய இருந்தது, உள்ளம் அடங்கவில்லை. அவர்களை நாம் 'ஹுஜ்ஜதுல் இஸ்லாம்' என்ற ஒரு புள்ளி விடையாக்கி வைத்திருக்கிறோம்.

"ஆன்மீகம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்களே?" உண்மைதான். தாயத்து வியாபாரமும் நடக்கிறது. கள்ள நோட்டு புழங்குகிறது என்பதற்காக யாரும் சம்பளத்தை வேண்டாம் என்பதில்லையே!

இளவயதில் வரும் இந்தத் தாகம் அல்லாஹ் போட்டது. நாம் தண்ணீர் கொடுக்காவிட்டால் நஞ்சு கொடுக்கிறவன் வந்து சேர்வான். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகும் இது விளங்கவில்லை என்றால் எப்போது விளங்கும்?

பள்ளி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது சின்ன விடயம். மாதத்தில் ஒரு குத்பா, எந்த ஜமாஅத்தையும் சாடாமல், உள்ளத்தைப் பற்றி மட்டும்: தவ்பா, பொறுமை, தொழுகையில் மனம் ஒன்றுவது. அதை நம் பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள்.

கப்ரில் நம்மிடம் இயக்கத்தின் பெயரைக் கேட்கப் போவதில்லை. யா அல்லாஹ், எங்கள் கல்புகளை உயிர்ப்பிப்பாயாக. ஆமீன்.