மரபணுப் பட்டியலும் மயக்கமும்

கருவி பெருகியவிடத்து அறிவும் தானே பெருகும் என்பது பலர் கருத்து. நாம் அதனை முழுதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. இந்நாளில் உயிரியல் மாணவர் சிறிதளவு இரத்தத்தினின்று, மனித உடலில் புரதங்களை ஆக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் செயல்நிலையை ஒருங்கே அளந்துவிடுகிறார். நோயாளரிடத்து மிகுந்தும் குறைந்தும் தோன்றும் மரபணுக்களைப் பட்டியலாக்கிக் கணிப்பொறியிடம் ஒப்புவிக்கிறார். அதுவும், 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘ஜீன் ஆன்டாலஜி’ என்னும் பாகுபாட்டைத் துணைக்கொண்டு, இன்ன உயிர்ச்செயலுக்குரிய மரபணுக்கள் இப்பட்டியலில் செறிந்துள்ளன என்று விடை தருகிறது. அவ்விடையை அப்படியே முடிபாக எழுதிவிடும் வழக்கம் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

செறிவு என்பது ஒப்புநோக்கால் அறியப்படுவது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒருவர் 20 கடைகளைக் குறித்துவந்து, “இவற்றுள் 12 துணிக்கடைகள், என்னே விந்தை!” என்பாராயின் நாம் நகைப்போம். சென்னை நகர் முழுவதையும் நோக்க அது மிகுதியே. துணிக்கடைகள் நிறைந்த அத்தெருவை நோக்க மிகுதியன்று. மரபணுவிற்கும் இஃதொக்கும். இரத்தத்தில் இயங்கும் மரபணுக்களுட் பல இயல்பாகவே நோய்த்தடுப்பைச் சார்ந்தவை. அவற்றினின்று எடுத்த பட்டியலை உடலின் எல்லா மரபணுக்களோடும் ஒப்பிட்டால், நோயில்லாவிடத்தும் நோய்த்தடுப்பே தலைதூக்கும். அன்றியும், 1,000 பகுப்புக்களை நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்பில் சோதிப்பின், தற்செயலாகவே 50 அளவில் தேறிவிடும். அதற்குரிய திருத்தக் கணக்கைச் செய்யாது விடுதல் தகாது.

பெயரும் நம்மை மயக்கும். வண்ணாரப்பேட்டை என்ற பெயர், கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் துணி வெளுப்போர் அங்குக் குடியிருந்தமையால் வந்தது. அப்பெயர் கொண்டு இன்று அங்கு வாழ்வோரின் தொழிலை உரைப்பாரிலர். ஒரு மரபணுவை முதலிற் கண்ட தொழிலின்கீழ் வைத்தெண்ணுதலும் அத்தகையதே. ஒரே மரபணு பல தொழில்களை ஆற்றுதலும் உண்டு.

பட்டியலோடு நில்லாது மேற்சென்றோர்க்குச் சான்று, 2010-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த காசநோய் ஆராய்ச்சி. லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளரின் இரத்தத்தை ஆராய்ந்தோர், 393 ஆர்.என்.ஏ. படிகளாலாய கோலம் ஒன்றைக் கண்டனர். இன்டர்பெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் மிகுந்திருந்தன. நோயெதிர்க்கும் டி அணுக்களுக்குரியவை குறைந்திருந்தன. டி அணுக்கள் செயல் குன்றின என்று அப்பொழுதே எழுதியிருக்கலாம். அவர்களோ அணுக்களை வகைபிரித்து எண்ணினர். இரத்தத்தில் டி அணுக்களின் தொகையே குறைந்திருந்தது. இன்டர்பெரான் கோலமும் பெரிதும் நியூட்ரபில் என்னும் வெள்ளணுக்களினின்றே எழுந்ததெனத் தெளிந்தனர். சந்தையில் இரைச்சல் குறைந்தால், மக்கள் வாய்மூடினரோ, மக்களே குறைந்தனரோ என்று சென்று பார்த்தலன்றோ முறை!

ஒப்புநோக்கின் அருமையைச் சென்னையும் உலகிற்குக் காட்டியுளது. 1956-இல் இங்கு நிறுவப்பெற்றுப் பிற்காலத்தில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகிய நிலையம், நோயாளரை யாதொரு சார்புமின்றி இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு ஆரோக்கியசாலையிலும் மறு சாரார்க்கு வீட்டிலும் ஒரே மருந்தளித்தது. ஓய்வும் நல்லுணவும் இன்றிக் குணமில்லை என்று பலரும் நம்பியிருக்க, வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பயன் தருவதென 1959-இல் வெளியாயிற்று. ஏழை நோயாளர் குடும்பத்தைப் பிரியாது குணமடைய வழி பிறந்தது.

ஆகவே நம் மாணவர் தம் ஆய்வேடுகளில், எம்மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டனர், எத்தனை பகுப்புக்களைச் சோதித்தனர், அணுக்களின் தொகை மாறியதோ என்னும் மூன்றனையும் தவறாது எழுதுவாராக. ஆசிரியரும் இவையின்றி ஏட்டை ஏற்காதிருப்பாராக. வடசென்னையின் நெருங்கிய தெருக்களில் காசநோயால் வருந்துவோர் இன்றும் உளர். பிழைபட்ட பட்டியல் காட்டிய வழியே மருந்து தேடி ஆண்டுகள் கழியுமாயின், அவ்விழப்பு அவர்களுடையதே.